ரெண்டு செகண்டு மைரன்

மைரன் பிலிப்சுக் தன் வாழ்நாளில் யாரையும் மட்டையால் அடித்ததில்லை, யார் காலையும் வாரியதில்லை, நடுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கின் பெனால்டி கூண்டில் அவனைவிட அதிக நேரம் உட்கார்ந்தவர் கிடையாது. எல்லாம் மற்றவர்கள் செய்த குற்றம்.

பயிற்சியாளர் வெர்னுக்கு வாய் நீளம். அவர் நடுவரைத் திட்டினால் அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை. பயிற்சியாளரைக் கூண்டில் உட்கார வைக்க முடியுமா? அணியில் ஒருவன் போய் உட்கார வேண்டும். அவருடைய மகன் டுவெய்ன் யார் மூக்கையாவது உடைத்து ஆட்டத்தைவிட்டே துரத்தப்பட்டால் அந்த ஐந்து நிமிடத்துக்கும் ஓர் ஆள் வேண்டும். நன்றாக ஆடுகிறவனை இதற்கு வீணாக்குவார்களா?

"டேய் பிலிப்சுக், போய் உக்காரு!"

பதினேழு வயது மைரன் எழுந்து போவான். பெஞ்சிலிருந்து கூண்டுக்கும் கூண்டிலிருந்து பெஞ்சுக்கும் போகும்போதுதான் அவன் கால் பனியில் படும்.

அந்தக் கூண்டின் கதவைத் திறந்து மூடுவது என் வேலை. என் அப்பா பக்கத்துத் தடுப்பில் ஆட்டக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். இருபது வருடமாக அவர் நேரத்தில் ஒரு நொடி பிசகியதில்லை என்று எதிரணிக்காரர்களே சொல்வார்கள். டார்லின் என்கிற எனக்கும் அப்போது பதினேழு வயது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்து ஜனவரியில் அரங்கத்துக்கு உள்ளேயே மூச்சு புகையாக வரும். மைரன் கையுறைக்குள்ளிருந்து சூரியகாந்தி விதைகளை எடுத்து எனக்குப் பாதி கொடுப்பான்.

"இன்னைக்கு என்ன குத்தம் பண்ணே?" என்று கேட்பேன்.

"ரெஃபரியோட அம்மாவைப் பத்தி ஏதோ தப்பா சொல்லிட்டேனாம். அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது."

அவனுடைய அப்பா ஒரு கோதுமை விவசாயி. ஒரு ஆட்டம் விடாமல் வந்து மேல் வரிசையில் உட்கார்ந்து, மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போவார். "ஒரே ஒரு கோல் போடணும், டார்லின்," என்பான் மைரன். "எங்கப்பா ஒரு தடவையாச்சும் எந்திரிச்சு நின்னு கை தட்டணும். அது போதும் எனக்கு."

வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். நான் அவனைக் காதலித்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்குக் கிடைத்தது எழுபத்து நான்கு நிமிடம். வெர்னுக்கு இன்றைக்கும் கோபம் வர வேண்டும் என்று சர்ச்சில் மண்டியிட்டு நான் வேண்டிக்கொண்டதை எந்தக் கடவுள் மன்னிப்பாரோ தெரியாது.

எழுபத்தெட்டாம் வருட இறுதி ஆட்டம். கோல் கணக்கு மூன்றுக்கு மூன்று. முடிய நான்கு நிமிடம் இருக்கையில் வெர்ன் வாயைத் திறந்தார். மைரன் கூண்டுக்கு வந்தான். ஓர் ஆள் குறைவாக ஆடி எங்கள் பையன்கள் அந்த இரண்டு நிமிடத்தையும் ஏறக்குறைய ஓட்டிவிட்டார்கள். அப்போது டுவெய்ன் தட்டிவிட்ட ரப்பர் வட்டு யாரும் இல்லாத நடுப்பனிக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கள் கதவுக்கு நேர் எதிரே. கடிகாரத்தைப் பார்த்தேன். மைரனின் தண்டனை முடிய இன்னும் இரண்டு நொடி இருந்தது. இரண்டு நொடி கழிந்தால் எதிரணிக்காரன் வந்து எடுத்துவிடுவான்.

கதவைத் திறந்தேன்.

மைரன் பாய்ந்தான். வட்டை எடுத்தான். முன்னால் கோல்கீப்பரைத் தவிர ஆளில்லை. அவன் இவ்வளவு வேகமாகப் போவான் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கோல்! மேல் வரிசையில் அவன் அப்பா எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி ஆட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எதிரணிப் பயிற்சியாளர் கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். நடுவர் கூண்டுக்கு வந்தார்.

"நேரம் முடியறதுக்கு முன்னாடியே வெளியே வந்துட்டான். கோல் செல்லாது. கதவைத் தொறந்தது யாரு? இந்தப் பொண்ணா, நீயாடா?"

நான் செய்த தவறென்றால் அந்த இரண்டு நொடி மட்டும் அவன் மறுபடி உட்கார்ந்தால் போதும். அவனே திறந்துகொண்டு போனானென்றால் கூடவே இன்னும் இரண்டு நிமிடம். கூண்டிலேயே குடியிருந்தவனுக்கு இந்த விதி தெரியாதா? தடுப்புக்கு அந்தப் பக்கம் என் அப்பா முகம் வெளுத்து நின்றிருந்தார். மைரன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான்தான் தொறந்தேன், சார்."

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்குள் எதிரணி கோல் போட்டது. தோற்றோம். அவன் அப்பா தொப்பியை மாட்டிக்கொண்டு யாரிடமும் பேசாமல் படியிறங்கிப் போனார். அன்றிலிருந்து ஊர் அவனுக்கு வைத்த பெயர்தான் ரெண்டு செகண்டு மைரன்.

அவன் மட்டையைத் தூக்கி வைத்துவிட்டு அல்பர்ட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனான். ஆறு வருடம் கழித்து மனைவியோடு திரும்பி வந்தான். நான் அதற்குள் டுவெய்னைக் கட்டிக்கொண்டிருந்தேன். டுவெய்ன் கேட்டான், மைரன் கேட்கவில்லை. அவ்வளவுதான். நல்ல மனிதன்தான் டுவெய்ன், அப்பாவின் வாய் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மைரன் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். எங்கள் வீட்டு வாசலை மட்டும் ஏன் அவ்வளவு சுத்தமாக வழித்துவிட்டுப் போகிறான் என்று டுவெய்ன் ஒருநாளும் யோசித்ததில்லை.

போன மார்ச்சில், மனைவியை இழந்து தனியாக இருந்த மைரன் வான்கூவரில் இருக்கும் மகளோடு போய்விடுவதென்று முடிவெடுத்தான். சனிக்கிழமை காலை அரங்கத்துச் சமையலறையில் விருந்து. பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் சாசேஜும் வைத்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். டுவெய்ன் ஆரம்பித்தான்.

"மெதுவா போடா, மைரன். விமானம் நிக்கறதுக்கு முன்னாடியே கதவைத் தொறந்துடப் போற!"

எல்லோரும் சிரித்தார்கள். நாற்பத்தைந்து வருடம் இதையே என் மேசையிலும் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"கதவைத் தொறந்தது நான்," என்றேன்.

சிரிப்பு நின்றது. டுவெய்ன் என்னைப் பார்த்தான். "என்னடி சொல்ற?"

"ரெண்டு செகண்டு இருக்குன்னு தெரிஞ்சே தொறந்தேன்."

மைரன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அவளுக்கு வயசாயிடுச்சு, டுவெய்ன். எதையோ எதோட போட்டுக் குழப்பிக்கிறா. தொறந்தது நான்தான். எத்தனை தடவை சொல்றது?" என்று சிரித்தான். அவ்வளவுதான், சமையலறை பழையபடி கலகலத்தது.

அவன் கிளம்பியபோது பின்னாலேயே ஓடினேன். வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா இன்னமும் பொய் சொல்ற? உன்மேல இருக்கிற பழியை நான் இறக்கி வைக்கக் கூடாதா?"

"தெரிஞ்சே தொறந்தேன்னு சொன்னியே," என்றான். "ஏன் தொறந்தேன்னு டுவெய்ன் கேப்பான். என்ன சொல்லுவ?"

நான் கண்ணாடி இறக்கியிருந்த வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, அவன் கேக்க வேண்டாம். நான் கேக்கறேன். ஏன் தொறந்த, டார்லின்?"

ஒரு வார்த்தை போதும். அது என் வாயில்தான் இருந்தது. உள்ளே டுவெய்ன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மைரன் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தான். டுவெய்ன் இரண்டாம் முறை கூப்பிட்டான். நான் திரும்பிச் சமையலறைக் கதவைப் பார்த்தேன். அதற்குள் மைரன் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.