நெடி வராத மிளகாய்

என் ஓரகத்தி என் மீது போட்ட பழியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டுமென்று இன்றுவரை தோன்றவும் இல்லை.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்ற வருஷம், காஜா பேராங்கில் ஒரே பலகை வீட்டில் அண்ணன் தம்பி இருவர் குடும்பமும் மாமியாரும் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. மூத்தவருடைய மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. குளிப்பாட்டியதும் அவனுக்குப் புகை போடுவது என் வேலை. வேலியோரத்து நொச்சி, வேப்பிலை, ஒரு சிட்டிகை ஓமம், மலாய்க்காரர் கடையில் கெமெஞான் என்று கேட்டு வாங்கும் சாம்பிராணி. கொட்டாங்குச்சித் தணலில் இவற்றைத் தூவினால் சளி கட்டாது. புகை காட்டி முடித்ததும் அவன் என் மடியிலேயே தூங்கிவிடுவான். தன்னிடம் கத்துகிற பிள்ளை என்னிடம் அடங்குவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் குழந்தைக்கு உடம்பு சுட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவளே உப்பையும் காய்ந்த மிளகாயையும் காகிதத்தில் பொட்டலம் கட்டி, பிள்ளையைச் சுற்றித் தணலில் போட்டாள். கண் படாத பிள்ளை என்றால் மிளகாய் நெடியில் வீடே இருமும். பட்டிருந்தால் நெடியே வராது. அன்று உப்பு மட்டும் வெடித்தது. யாரும் இருமவில்லை.

“பாத்தீங்களா அத்தை? கொஞ்சங்கூட நெடி வரல. பிள்ளை இல்லாத கண்ணு லா, சும்மா விடுமா?”

மாமியார் என்னைப் பார்த்தார். “இனிமே நீ புள்ளைய தொடாத” என்றார். புகைச் சட்டியும் என் கையை விட்டுப் போனது.

மறுநாள் சாம்பல் அள்ளும்போது பாதி கருகிய மிளகாய் ஒன்று கிடைத்தது. நீளமாகக் கீறி விதை எடுத்த மிளகாய். சம்பல் அரைப்பதற்காக முந்தின நாள் நானே கீறி, தண்ணீரில் ஊறவைத்தது. என் கத்தி போன வழி எனக்குத் தெரியாதா? ஊறிய மிளகாயில் எங்கிருந்து நெடி வரும்? சொன்னால் மலடியின் பொறாமை என்பார்கள். சாம்பலோடு அதையும் அள்ளிக் கொட்டினேன்.

மூன்று வாரம் காத்திருந்தேன். செமாபோக்கிலிருந்து அவளுடைய தாய்வீட்டார் வந்த நாளில், குழந்தை விடாமல் அழுதான். சுற்றிப் போட மாமியார் மிளகாய் கேட்டார். சம்பலுக்கு ஊறவைத்த கிண்ணத்திலிருந்து ஏழு மிளகாய் எடுத்து, துணியில் ஒற்றி, உப்போடு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

மாமியார் யார் யார் கண் என்று ஒவ்வொரு கண்ணாகச் சொல்லிச் சுற்றித் தணலில் போட்டார். உப்பு வெடித்தது. ஒருவரும் இருமவில்லை.

“நான்தான் மூணு வாரமா புள்ளைய தொடவே இல்லையே அத்தை” என்றேன். “சுத்தும்போது முதல்ல எந்தக் கண்ணைச் சொன்னீங்க?”

முதலில் சொல்வது தாய்க்கண். அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. “அந்த மிளகா…” என்று ஆரம்பித்தாள். மேலே சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே. அவளைப் பெற்றவளே குழந்தையை வாங்கி என் மடியில் போட்டாள்.

அன்று மாலை நான் நொச்சி பறித்து வந்து தணல் மூட்டினேன். பிள்ளைக்குப் புகை காட்டும்போது அவள் அழுதுகொண்டே பக்கத்தில் வந்தாள்.

“தள்ளி நில்லுங்க அக்கா” என்றேன். “கண்ணு பட்டுரும்.”