மூத்தவருக்கு எடுத்த சேலை

எங்கள் வீட்டில் ஒரு தெய்வம் இருக்கிறது என்று கல்யாணமாகி வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அந்தத் தெய்வம் என் வீட்டுக்காரரின் முதல் மனைவி. டிங்கிக் காய்ச்சலில் போனவர். கணவன் உயிரோடு இருக்கும்போதே பூவோடும் பொட்டோடும் போய்விட்ட பெண் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி ஆகிவிடுவாள் என்றும், வீட்டில் நல்லது எது நடந்தாலும் முதல் படையல் அவளுக்குத்தான் என்றும் நாத்தனார் விளக்கினார். ஜொகூர் பாருவில் என் பிறந்த வீட்டில் லட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடக்கமாக இருந்தார்கள். யாரும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. செடெனாக் என்ற இந்தச் சிற்றூருக்கு வாழ வந்தால் சாமியே சக்களத்தி.

வருடக்கணக்கில் இதனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஹாலில் மூத்தவரின் படம், வெள்ளிக்கிழமை விளக்கு, அவ்வளவுதான். விளக்கை ஏற்றுவது நான்தான். கையையும் கூப்புவேன். யாரைக் கும்பிடுகிறேன் என்பது நாளுக்கு நாள் மாறும். சில நாள் இந்தப் பெண் பாவம் என்று தோன்றும். சில நாள், நான் வைத்த குழம்பை வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனால், படத்தில் இவர் சிரிப்பது போலவே இருக்கும். இவருடைய மகள் நான் வந்தபோது பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். முதல் நாளே சித்தி என்று கூப்பிட்டாள். எங்களுக்குள் நடந்த சண்டையெல்லாம் குளியலறையில் யார் அதிக நேரம் இருக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் படத்தில் இருந்தவர் இறங்கி வந்தார்.

நாத்தனார் சிகாமட்டிலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரரிடம் எதைக் கேட்டாலும் அக்காவைக் கேள் என்பார். அந்த அக்கா இவர்தான். பூவாடைக்காரிக்குப் புதுச்சேலை எடுக்க வேண்டும், மஞ்சளோ சிவப்போதான் ஆகும் என்றார். மகள் ஊதாதான் என்று பிடிவாதமாக நின்றாள். அம்மாவுக்குப் பிடித்த நிறம் அது. மூத்தவர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஜீன்ஸும் டீ-சட்டையுமாகத் திரிந்தவர், தீபாவளிக்கு மட்டும் சேலை கட்டினவர் என்று கேள்வி. அவள் அப்போது மனுஷி, இப்போது சாமி என்றார் நாத்தனார். சாமியானால் பிடித்த நிறம் மாறிவிடுமா? எனக்கு விளங்கவில்லை. கடைசியில் ஊதாச் சேலையையே எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினோம். படையலுக்குக் கருவாட்டுக் குழம்போடு, சாலையோரக் கடையிலிருந்து மூத்தவருக்குப் பிடித்த நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலமும் வந்தது. காரச் சம்பல் அதிகமாகக் கேட்டு வாங்கச் சொன்னதே நாத்தனார்தான். நிறம் மாறும், நாக்கு மாறாது போலிருக்கிறது.

பூவாடைக்காரியை ஓடும் தண்ணீரிலிருந்துதான் அழைத்து வர வேண்டும். செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது. போய்ப் பார்த்தால் தண்ணீர் தே தாரிக் கடைப் பால் தேநீரின் நிறத்தில் இருந்தது. பூசை நடத்தக் குலாயிலிருந்து வந்த உடுக்கைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பைப்புத் தண்ணீரும் ஓடுகிற தண்ணீர்தானே என்று சொல்லிவிட்டார். எனவே கார் நிறுத்துமிடத்துக் குழாயைத் திறந்துவிட்டு மூத்தவரை அழைத்தோம். வீட்டு மருமகள்தான் குடத்தைத் தலையில் சுமக்க வேண்டுமாம். சுமந்தேன். நான் ஆடுவேனா என்று எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கழுத்து வலித்ததே தவிர வேறொன்றும் வரவில்லை.

குடத்தை இறக்கி வைத்த பிறகு அதிலிருந்து பூ விழுந்தால் அவர் வந்துவிட்டதாக அர்த்தம். பூ விழுந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூத்தவர் இருந்தவரை அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசாத நாத்தனார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பக்கத்திலேயே என் வீட்டுக்காரரும் விழுந்தார். காப்பியில் சர்க்கரை கூடிப்போனதற்காக ஒரு காலத்தில் அவரிடம் கோபித்துக்கொண்டவர்தான். நானும் விழுந்தேன். மின்விசிறியை நிறுத்தியிருந்தோமா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

உடுக்கைக்காரர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டுப் பார்த்தேன். நானும் நாளைக்குப் பூவோடும் பொட்டோடும் போனால் என்ன ஆகும்? அப்போது இரண்டு சேலை எடுக்க வேண்டும் என்றார். வீட்டுக்காரர் முந்திக்கொண்டால்? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஒன்னும் இல்ல லா," என்றார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

படைத்த சேலையை வீட்டு மருமகள் உடுத்த வேண்டும். அதாவது நான். சேலையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

"சித்தி, அந்தச் சேலய நான் எடுத்துக்கவா? கல்யாணத்துக்கு எங்கம்மாகிட்டேருந்து எனக்குன்னு ஒன்னும் இல்ல."

நாத்தனார் வாசலில் நின்றிருந்தார். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "குடுக்கலாம். ஆனா சேல வாசப்படி தாண்டுனா அவளும் தாண்டிருவா. அப்புறம் கூப்பிட்டாலும் வர மாட்டா." வீட்டுக்காரர் வழக்கம்போல அக்காவின் முகத்தைப் பார்த்தார். உடுத்தப் போகிறவள் நான், நானே சொல்லட்டும் என்று நாத்தனாரும் கைகழுவிவிட்டார்.

சேலை என் கையில் இருந்தது. கொடுத்தால் அந்தப் பெண்ணுக்குத் தாயைக் கொடுத்தவள், அதே கையால் தாயை வீட்டைவிட்டு அனுப்பியவளும்கூட. கொடுக்காவிட்டால் வீட்டுத் தெய்வத்தைக் காப்பாற்றியவள், ஆனால் ஒரு பெண்ணிடமிருந்து தாயைப் பிடுங்கி உடுத்திக்கொண்டவள். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு பக்கம் கறை இருந்தது. மூத்தவர் போய்விட்டால் இந்த வீடு எனக்கே எனக்கு என்ற ஆசையும் நடுவில் எட்டிப் பார்த்தது. அந்த ஆசைக்காகக் கொடுத்தேனா, எதிரில் நின்றவளின் முகத்துக்காகக் கொடுத்தேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எடுத்துக்கொள் என்று நீட்டிவிட்டேன். வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு வந்த சொந்தங்களெல்லாம் எனக்குத் தங்கமான மனசு என்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறை அதைக் கேட்டபோதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மகள் ஜொகூர் பாருவில் மாமியாரோடு ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியேறினாள். வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கு ஏற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் போய்விட்டார் என்றால் விளக்கு யாருக்கு? போகவில்லை என்றால் ஏற்றாமல் விடலாமா? நாத்தனாருக்கு போன் போட்டால் நீதானே கொடுத்தாய் என்பார். ஏற்றிவிட்டு, அதன் முன்னால் நிற்காமல் சமையலறைக்குப் போய்விட்டேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான். வீடு எனக்கே எனக்கு ஆனதா என்று பார்த்தேன். ஆனது போலவும் இருந்தது, வாடகைக்கு வந்தது போலவும் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். சாப்பாடு, வேலை, சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல் என்று சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். மாமியார் வீட்டிலும் பூவாடைக்காரி உண்டு. ஒரு வீட்டுப் பூவாடையை இன்னொரு வீட்டில் வைக்கக் கூடாது என்று மாமியார் பயப்படுகிறாராம். சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்த சேலையை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். இப்போது அது அலமாரியில், அவளுடைய ஆபீஸ் உடுப்புகளுக்கு அடியில் இருக்கிறது.

"அம்மா இங்க வந்துட்டாங்களா, அங்கதான் இருக்காங்களா சித்தி? இங்க வந்திருந்தா அவங்களுக்கு எடமில்ல."

"இங்கதான் இருக்காங்க. எங்கயும் போகல."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வாய் முந்திக்கொண்டது.

"அப்ப இந்தச் சேல?"

"அது சேலதான்மா. ஆசையா இருந்தா கட்டிக்க."

நிஜமாகவா என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். நிம்மதியாகப் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. எதைத் தெரிந்துகொண்டு சத்தியம் செய்வதுபோல அப்படிச் சொன்னேன்? பூ விழுந்ததையே சந்தேகப்பட்டவள் நான். ஒருவேளை அவர் சேலையோடு போயிருந்தால், அந்த வீட்டில் அலமாரிக்குள் வேண்டாத விருந்தாளியாக அல்லவா நின்றுகொண்டிருப்பார்? இதை நினைத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இது பக்தியா, பரிதாபமா, அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னவளாகிவிடுவேனே என்ற பயமா என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகூட இல்லை. விளக்கை ஏற்றிவிட்டு ஹாலில் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். யாரும் எனக்கு மந்திரம் சொல்லித் தந்ததில்லை.

"அக்கா, போயிருந்தா திரும்பி வந்துருங்க. போகலன்னா, போயிடாதீங்க."