நல்லூர்க் கொடியும் பாதிவிலை ஐஸும்

மயிலிட்டித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் தொழிற்சாலைக்கு நான் மனேஜராகி மூன்றாவது வாரம், நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடியேறியது. வணிகம் படிக்கிற பிள்ளைகளே, பயந்தவன் எப்படி விலை போடுவான் என்று உங்கள் புத்தகத்தில் இருக்காது. அதில் எனக்கு நல்ல அனுபவம்.

கொடியேறினால் எங்கள் வீட்டில் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். திருவிழா முடியும்வரை மரக்கறிதான். மறுநாள் காலை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு பொருளியல் நிபுணர் விழித்தார். நான் மீன் தின்னவில்லை. அயலவர்களும் தின்னவில்லை. ஆகவே மீன் விற்காது. மீன் விற்காவிட்டால் ஐஸுக்கு ஏது கேள்வி? களஞ்சியத்தில் கூரைமுட்ட அடுக்கிய ஐஸும், அதோடு என் புது வேலையும் சேர்ந்து உருகி வாய்க்காலில் ஓடுவது கண்முன்னே தெரிந்தது. இடியப்பத்தைப் பாதியில் விட்டு எழும்பினேன்.

ஓடிப்போய் ஐஸ் உறையவைக்கும் மெசினை நிறுத்தச் சொன்னேன். வாசல் பலகையில் வெண்கட்டியால் எழுதினேன்: "இன்று பாதிவிலை."

முதலில் வந்தவர் மீன் வியாபாரி ராசாத்தியக்கா. பலகையை இரண்டுதரம் வாசித்தார்.

"தம்பி, உமக்குச் சுகமில்லையோ?"

"ஏனக்கா?"

"சும்மா கேட்டனான். முழுக்க ஏத்தட்டோ?"

"முழுக்கவோ?"

"ஓம். உமக்குப் புத்தி தெளியிறதுக்கு முன்னம்."

அவர் கொண்டுவந்த லொறியில் நானும் சேர்ந்து ஏற்றிவிட்டேன். அவர் போனதும், கண்டத்திலிருந்து தப்பியவன் மாதிரி ஒரு சோடா வாங்கிக் குடித்தேன்.

மத்தியானம் குருநகர் அன்ரன் அண்ணையின் லொறி வந்தது. எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் அவர்தான். லொறி நிறைய மீன்.

"கெதியா ஐஸைப் போடு தம்பி. கொழும்புக்கு வெளிக்கிடோணும்."

"கொழும்புக்கோ?"

"பின்னை? இஞ்சை சனம் விரதம். மீனுமோ விரதம்? அது வந்து விழுந்துகொண்டுதான் இருக்கு. இஞ்சை விக்காதது எல்லாம் கொழும்புக்குத்தான். தூரம் கூடினால் ஐஸும் கூடத்தான் வேணும்."

நான் களஞ்சியக் கதவைத் திறந்தேன். மூலையில் தேங்காய் அளவில் ஒரு துண்டு கிடந்தது.

"இதென்ன," என்றார் அன்ரன் அண்ணை, "உன்ரை தலையிலை வைக்கவோ?"

வெயில் கொளுத்தியது. மெசினை உடனே போட்டாலும் ஐஸ் உறைய ஒரு நாள் வேண்டும். பின்னேரத்துக்குள் மீன் பழுதாகிவிடும். பழுதானால் அவர் இனி எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராசாத்தியக்கா மீன் வைக்கும் கொட்டிலுக்கு, அவருடைய வாடிக்குப் பறந்தேன். தலைக்கவசத்தைப் பின்பக்கம் முன்னாகப் போட்டிருந்தது போய் இறங்கியபிறகுதான் தெரிந்தது.

அவர் உமி போட்டு மூடிய ஐஸுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்.

"வாரும் தம்பி. உம்மைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"உங்களுக்குத் தெரியுமோ அக்கா, எல்லாம் கொழும்புக்குப் போகுமெண்டு?"

"வருசா வருசம் போறதுதானே."

"அப்ப ஏன் காலமை சொல்லேல்லை?"

"நீர் விலை எழுதினீர். ஒருத்தரையும் ஒண்டும் கேக்கேல்லையே. என்ரை மீனுக்கு வேண்டியதை வைச்சுக்கொண்டு மிச்சம் தாறன். முழுவிலை. உம்மடை முகத்தைப் பாத்தால் கூட்டலாம் போலைதான் கிடக்கு. பாவம், விடுறன்."

பாதிவிலைக்கு விற்று முழுவிலைக்கு வாங்கிய வித்தியாசம் என் சம்பளத்திலிருந்து போயிற்று. ஆனால் பொழுது சாயமுன்னம் லொறி வெளிக்கிட்டது. அன்ரன் அண்ணை கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டு போனார்.

ஐஸ் வாங்குபவர் அதைத் தனக்காக வாங்குவதில்லை. மீன் போகவேண்டிய தூரத்துக்காக வாங்குகிறார். உங்களிடம் வாங்குபவர் யாரிடம் விற்கிறார் என்று கேட்டுவிட்டு விலையைத் தொடுங்கள்.

அன்று பின்னேரம் முதலாளி போன் எடுத்தார். "என்ன காணும், களஞ்சியம் காலியாம்! எல்லாம் வித்துப்போட்டீராம்?"

"ஓம் ஐயா," என்றேன். "கொஞ்சத்தை ரெண்டுதரம் வித்தனான். ரெண்டாந்தரம் வாங்கினது நான்தான்."