என் வயிற்றில் பெரியம்மாவின் வலி

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தால் ஒரு பெண் செல்போனோடு நிற்கிறாள். "டாக்டர் நல்லா பாத்தாரா ஆயா?" என்று கேட்கிறாள். எனக்கு வெளியாட்களிடம் பேச்சு வராது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். இத்தனைக்கும், பழவேற்காட்டுக்குப் புதிதாக வந்த டாக்டருக்குக் கைராசி உண்டா என்று எங்கள் குப்பத்திலிருந்து முதலில் போய்ப் பார்த்து வந்தவள் நான்தான். அப்போது மூன்றாம் வகுப்பு படித்தேன்.

பெரியம்மாவுக்கு அடிவயிற்றில் வலி. மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு மணலிலேயே சுருண்டு உட்கார்ந்துவிடுவாள். ஏலத்தில் நாலு ஆம்பிளைகளை ஒரே சத்தத்தில் அடக்குகிறவள், ஆண் டாக்டரிடம் வயிற்றைக் காட்டுவதா என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வலி அவளுடையது, வயிறு என்னுடையது. என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுக எனக்குச் சொல்லித் தந்துகொண்டே வந்தாள்.

டாக்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன்.

"கூடை தூக்கினா அடிவயிறு சுள்ளுங்குது சார். ராத்திரில தூக்கம் வர்ல. மூணாவது புள்ள பொறந்ததுலேர்ந்து இப்டித்தான் சார்."

கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். பெரியம்மா என் தொடையில் கிள்ளினாள். டாக்டர் சிரிக்கவில்லை. என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டார்.

"அந்த மூணாவது புள்ளைக்கு இப்ப எத்தனை வயசும்மா?"

அது எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. பெரியம்மா சுவரைப் பார்த்தபடி, "ரெண்டு" என்றாள்.

"கொஞ்ச நாளைக்குக் கூடை தூக்கக் கூடாது."

"அப்டின்னா உலை இன்னாத்த வெச்சு கொதிக்கும் சார்?" என்றாள் பெரியம்மா.

"சரி, பாதிக் கூடை."

"முக்கா?"

"பாதிதான். பொன்னேரியில ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. இந்த வயித்தை அவங்ககிட்ட காட்டணும். காட்டுவியா கண்ணு?"

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காட்டுவா சார்" என்றாள்.

பொன்னேரிக்குப் போய் வந்த பிறகு பெரியம்மா மணலில் சுருண்டு உட்காரவில்லை. அவ்வளவுதான், குழாயடியில் டாக்டர் கைராசிக்காரர் ஆகிவிட்டார். அப்புறம் குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக என்னை இரவல் கேட்டு வந்தார்கள். முட்டி வலி, வெள்ளைப்படுதல், மாமியாரால் வந்த தலைவலி என்று எல்லாம் நான் கொண்டுபோனேன். உள்ளே நுழைந்ததுமே டாக்டர், "இன்னிக்கு உனக்கு எத்தனை வயசு கண்ணு?" என்று கேட்பார். "அம்பது சார்" என்பேன். அவர்களுக்குப் பாட்டிலில் ஊற்றித் தரும் ரோஸ் கலர் மருந்து மட்டும் எனக்கு ஒரு சொட்டும் கிடைத்ததில்லை.

அதைவிட எனக்கு இன்னொரு குறை இருந்தது. பதில் சொல்வதெல்லாம் பக்கத்திலிருக்கும் பொம்பளை. அவரோ ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். பாவம், டாக்டர் நல்லவர்தான், கண்தான் மாறுகண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.