நான் வெட்டிய அடிவரி

மாட்டுத்தாவணியில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பத்மாவதி டீச்சர் போய்விட்டார். பள்ளியில் பதினாறு வருடம் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். அவரை அறிந்த உங்களிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் என் யோக்கியதையைச் சொல்லியாக வேண்டும்.

பின்னக் கணக்கென்றாலே பிள்ளைகள் மிரளுவார்கள். டீச்சர் பூச்சரத்தை வகுப்புக்கே கொண்டுவந்து அரை முழம், கால் முழம் என்று நறுக்கிக் கையில் கொடுப்பார். அப்படிச் சொல்லிக் கொடுத்துப் பார்த்த பாடங்களை நாற்பது தாள்களாக எழுதி இணையத்தில் போட்டார். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு வரி இருக்கும்: ‘யாரும் நகல் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். எழுதியவர் பெயரையும் இந்த வரியையும் மட்டும் விட்டுவையுங்கள்.’

“இம்புட்டு உழைச்சிட்டு சும்மாவா கொடுக்குறீங்க டீச்சர்?” என்று கேட்டேன்.

“சும்மா இல்ல சார். யாராச்சும் என்னையவிட நல்லாத் திருத்தித் தருவாங்கல்ல” என்றார்.

நான் எதையும் திருத்தவில்லை. ஓய்வுபெற்றபின் கோச்சடையில் டியூஷன் சென்டர் தொடங்கி, அந்தத் தாள்களை அப்படியே புத்தகமாக்கினேன். அடிவரியை வெட்டினேன். அட்டையில் என் பெயர். உள்ளே ‘அனுமதியின்றி நகல் எடுக்கக் கூடாது’ என்று தடித்த எழுத்தில் வேறு போட்டேன். வெட்கங்கெட்ட வேலை. அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

சில மாதம் கழித்து டீச்சர் போன் செய்தார். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தாராம். அங்கே செல்வி என்கிற ஆசிரியை, நகல் எடுக்கப் பயந்து, என் புத்தகத்தைப் பார்த்து முப்பது பிள்ளைகளுக்கும் கையால் எழுதிக்கொண்டிருந்தாராம்.

“பேரு கெடக்கட்டும் சார். அந்தப் பிள்ளைக்குக் கை ஒடியுது. அந்தக் ‘கூடாது’வை மட்டும் எடுத்துருங்க.”

“நீங்க எழுதினதுன்னு அவங்ககிட்டச் சொல்லலையா?”

“சொன்னா உங்களைப் பத்தி என்ன நினைப்பா?”

அடுத்த பதிப்பில் எடுத்துவிடுவதாகச் சொன்னேன். அடுத்த பதிப்பும் வந்தது. நான் எடுக்கவில்லை.

துக்க வீட்டில் செல்வியே என்னைத் தேடி வந்தார். “சார், நீங்கதான அந்தப் புத்தகம் போட்டவங்க? டீச்சருக்கு அந்தப் பூச்சரப் பாடம்னா உசுரு. அவங்க நினைவா எங்க பிள்ளைகளுக்கு அதை நகல் எடுத்துக் கொடுக்கணும். அனுமதி தருவீங்களா?”

உள்ளே டீச்சரைக் கிடத்தியிருந்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “தாராளமா எடுத்துக்கோங்கம்மா” என்றேன். வாய் கூசவில்லை.

“ரொம்ப நன்றி சார். பெரிய மனசு உங்களுக்கு” என்று செல்வி கைகூப்பினார்.

டீச்சருடையது என்று என்னிடம் இருப்பது இப்போது அந்த நன்றிதான். செல்வி, அது அவருக்குச் சேர வேண்டியது. நான்தான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.