கையெழுத்துப் போடும் ராசா

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் போகும் லாஞ்சிப் படகை இன்னும் காணோம். பாடசாலை நூலகங்களுக்குப் புத்தகம் தெரிவுசெய்வது என் உத்தியோகம். பொழுது போகாமல், பையில் கிடந்த சிறுவர் நாவலொன்றைப் புரட்டுகிறேன். நாற்பது பக்கம் போனதே தெரியவில்லை.

பக்கத்தில் வெங்காயச் சாக்கின்மேல் இருக்கும் மூதூர் வியாபாரி எட்டிப் பார்க்கிறார்.

"சின்னப் பிள்ளையள்ட புத்தகம் போல கிடக்கு. என்ன கதை சேர்?"

"ஒண்டையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுற ராசாவின்ர கதை. இப்பதான் தன்ர அரண்மனையையே ஆருக்கோ எழுதிக் குடுத்திட்டார்."

"இது பிள்ளையளுக்கு விளங்குமோ?"

"ஓம், நல்லா விளங்கும். பெரியாக்களுக்குத்தான் கஷ்டம்."

அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பிள்ளைகளுக்கு விளங்காது, வேண்டாம்" என்று இதே புத்தகத்தின் அட்டையை மட்டும் பார்த்து நான் கையெழுத்திட்ட அறிக்கை, நேற்றே கொழும்புக்குத் தபாலில் போய்விட்டது.