முருங்கையிலைக் கிறீம்

ஜாம் போத்தலில் இருந்த அந்தப் பச்சைக் கிறீமின் மணம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. தேங்காயெண்ணெயில் காய்ந்த முருங்கையிலையின் மணம். போர்க்காலத்தில் என் மச்சாளுக்காக அதைச் செய்தேன். கனடா மாப்பிள்ளையிடம் போவதற்கு விசா எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் என்னோடு ஒரே அறையில் இருந்தாள். எனக்குக் கொழும்பு அடையாள அட்டையும் மருதானையில் ஒரு சவர்க்காரக் கம்பனி ஆய்வுகூடத்தில் வேலையும் இருந்தன. அவளுடைய அட்டையில் யாழ்ப்பாண விலாசம். கடல் இரைவது அறைக்குள் கேட்கும், ஆனால் ஆமியின் சுற்றிவளைப்பில் அந்த விலாசத்துக்காகவே பிடித்துவிடுவார்கள் என்று பயந்து அவள் வாசற்படி தாண்டமாட்டாள்.

அவளுக்கு ஒரே கவலை முகம்தான். "படத்திலை பாத்த முகம் இல்லையெண்டு அவர் சொன்னால் நான் எங்கையடி போறது?" என்பாள். நெய் உருக்கும்போது முருங்கையிலை போடுவது எங்கள் வீடுகளில் வழக்கம், நெய் காறாது. அந்த இலையிலுள்ள அன்டிஒக்சிடன்ட் எண்ணெயையும் கெடவிடாது, தோலையும் காக்கும் என்று படித்த திமிரில் விளக்கினேன். தேன்மெழுகு சேர்த்துக் கிண்டினோம். மாதங்கள் போகப்போக அவள் வெளுத்தாள். லொட்ஜ் பெண்கள் வெறும் போத்தலோடு வந்து நின்றார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் தூதரகத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். காலி வீதிச் சோதனைச் சாவடியில் பொலிஸ்காரர் அட்டையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "மே ஒயாத?" இது நீயா என்று கேட்கிறார். அட்டையில் வெயிலில் திரிந்த கறுத்த பெட்டை. எதிரே சுண்ணாம்பு மாதிரி ஒருத்தி. பிடித்து வைத்தால் நேர்முகம் போச்சு. கிறீமைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். அரைகுறைச் சிங்களத்தில், "அவ்வ நே, மாத்தயா."

வெயில் இல்லை, ஐயா. அவ்வளவுதான் சொன்னாள். அவர் அட்டையைத் திருப்பித் தந்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் கைவண்ணம் என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அடைபட்டுக் கிடந்தவளின் வெளிறல். இன்று அதே இலையில் கிறீம் செய்து விற்கிறேன். தோல் காயாது என்பேன். நிறம் வரும் என்று மட்டும் சொல்வதில்லை.

அன்று பஸ்ஸில் அவள் வெயிலடிக்கும் பக்கமாகப் பார்த்து யன்னலோரம் இருந்தாள். "இங்காலை வாடி, கறுத்துப் போவாய்," என்றேன்.

கண்ணை மூடி, முகத்தை வெளியே நீட்டியபடி சொன்னாள்: "கறுக்கட்டுமடி."